மழையில் அளந்த கம்பி

தூறல் விழுந்தால் எனக்கு உள்ளங்கை வேர்க்கும். இதை வெளியில் சொன்னால் சிரிப்பார்கள். எங்கள் பக்கம் மேகம் கறுத்தால் எல்லாருக்கும் முகம் மலரும். நான் மட்டும் முதல் துளி கையில் பட்டதும் அண்ணனுக்குப் போன் போட்டு, "வண்டி எங்கீங்ணா நிக்குது?" என்று கேட்பேன். மாஸ்ட் படுத்திருக்கிறது என்று அவர் வாயால் கேட்ட பிறகுதான் மூச்சு சீராகும்.

அண்ணனுடையது ரிக் வண்டி. போர் போடுகிற லாரி. அதன் முதுகில் நீளவாக்கில் படுத்திருக்கும் இரும்புச் சட்டத்துக்குத்தான் மாஸ்ட் என்று பெயர். வேலை செய்யும் இடத்துக்குப் போனதும் ஜாக்கிகளை ஊன்றி வண்டியைத் தூக்கி நிறுத்துவார்கள். பிறகு மாஸ்ட்டை மெல்ல எழுப்பி நேராக நிறுத்துவார்கள். எங்கள் வண்டியில் மாஸ்ட்டை எழுப்பும் லிவரை அண்ணன் வேறு யாரிடமும் கொடுப்பதில்லை. வண்டியின் பின்பக்க இரும்புப் பலகையில் ஏறி நின்று அவரேதான் பிடிப்பார். பிடித்திருக்கும்வரை மாஸ்ட் எழும்பும். கையை எடுத்தால் லிவர் தானாக நடுவுக்கு வந்துவிடும், மாஸ்ட் இருந்த இடத்திலேயே நின்றுவிடும். இந்த ஒரு விஷயத்தை நான் தெரிந்துவைத்திருந்ததற்குப் பிற்பாடு கும்பிடாத சாமி இல்லை.

என் தொழில் வேறு. சங்ககிரியில் ஓர் அறை எடுத்து வீட்டு வரைபடம் போட்டுக் கொடுக்கிறேன். மனை அளக்கப் போனால் டேப்பின் மறுமுனையைப் பிடிக்க ஆள் கிடைக்காது. கிடைத்தாலும் தொய்வாகப் பிடிப்பார்கள். அந்த எரிச்சலில் லேசரில் தூரம் அளக்கும் கருவி ஒன்றை வாங்கினேன். கண்ணில் வைத்துப் பார்த்து, உள்ளே தெரியும் குறியை ஒரு மரத்தின்மேல் வைத்துப் பொத்தானை அமுக்கினால் ஒளி போய் மரத்தில் பட்டுத் திரும்பும். போய்வந்த நேரத்தைக் கணக்குப் பண்ணி இத்தனை மீட்டர் என்று காட்டும். இன்னொரு பொத்தானை அமுக்கினால் நிமிர்ந்து பார்க்கும் கோணத்தையும் சேர்த்துக்கொண்டு, அந்தப் பொருள் தரையிலிருந்து எத்தனை அடி உயரம் என்று சொல்லிவிடும். அது வந்த புதிதில் நான் அடித்த அலட்டல் கொஞ்சநஞ்சமல்ல. கோயில் கோபுரம், செல்போன் டவர், எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி எதையும் விட்டுவைக்கவில்லை.

அந்த அலட்டலைப் பார்த்துத்தான் அண்ணன் என்னைக் கூப்பிட ஆரம்பித்தார். தோட்டங்களுக்கு மேலே மின்கம்பி போகாத இடம் இப்போது குறைவு. அதுவரைக்கும் கம்பி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதைக் கண்மதிப்பில்தான் முடிவு செய்துகொண்டிருந்தார். எங்கள் வண்டி ஜாக்கியில் ஏறி மாஸ்ட் நிமிர்ந்து நின்றால் உச்சி முப்பத்தாறு அடி. அதற்கு மேலே பதினைந்து அடியாவது காலியாக இருக்க வேண்டும் என்பது அண்ணன் தனக்குத்தானே போட்டுக்கொண்ட சட்டம். கம்பியைத் தொட வேண்டியதில்லை, கிட்டே போனாலே கரண்ட் தாவும். அப்படிப் போனவர்களின் கதை ஒன்றாவது தெரியாத ரிக்காரர் வீடு எங்கள் பக்கம் கிடையாது. கம்பி இருக்கும் இடங்களுக்கெல்லாம் நானும் கூடப் போனேன், அளந்து சொன்னேன், அவர் தூக்கினார். இரண்டு வருஷம் ஒரு குறையும் இல்லை.

இன்னொரு வழக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். வேலை ஆரம்பிக்கும் நேரத்தைக் குறிப்பது அண்ணன் மனைவி. அண்ணன் மனைவியை நாங்கள் நங்கை என்போம். நங்கை காலையில் தினக்காலண்டர் தாளைக் கிழித்ததும் நல்ல நேரம், ராகு காலம், எமகண்டம் எல்லாம் பார்த்து அண்ணனுக்குச் சொல்லிவிடுவார். ரிக்காரர்களுக்கு மாஸ்ட் நிமிர்ந்து நின்றால் வேலை ஆரம்பித்த கணக்கு. பூமியில் ஓட்டை போடுவது பிறகு எப்போது வேண்டுமானாலும் நடக்கலாம். ஆனால் மாஸ்ட் நல்ல நேரத்தில் நிமிர்ந்துவிட வேண்டும். கல்யாணம் ஆன நாளிலிருந்து நங்கை குறித்த நேரத்தை அண்ணன் தாண்டியதில்லை. நான் இதைக் கிண்டல் செய்வேன். நங்கை கோபப்படமாட்டார். "கண்ணு, நீ கண்ணுல தெரியறத அள. தெரியாதத நானு பாத்துக்கறேன்" என்பார்.

அது கார்த்திகை மாதம், வெள்ளிக்கிழமை. எருமப்பட்டிக்கு அப்பால் ஒரு கோழிப் பண்ணை. பண்ணைக்காரம்மா தனியாளாக நின்று நடத்துகிறவர், என் வயதுதான் இருக்கும். இருந்த போர் வறண்டுவிட்டது. புதிதாகப் போட்ட இரண்டிலும் தண்ணீர் இல்லாமல் கல்தூள் புகைதான் வந்தது. கோழிகளுக்கு டேங்கர் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. டேங்கர் ஒரு வேளை வராவிட்டால் கொட்டகைக்குள் எழும் சத்தத்தைக் கேட்டவர்களுக்குத்தான் அவருடைய அவசரம் புரியும். மழை தூறிக்கொண்டிருக்கும்போதே தண்ணீருக்காக ஆயிரம் அடி துளைபோடுகிற ஊர் எங்களுடையது. இரண்டு நாள் தூறல் மேல்மண்ணை நனைத்துச் சேறாக்குமே தவிர, அந்த ஆழத்துக்கு எங்கே போய்ச் சேரும்?

நாங்கள் போனபோது மணி ஒன்பது. தூறல் நிற்கவில்லை. கொல்லிமலை இருக்க வேண்டிய திசையில் ஒன்றுமே இல்லை, வெறும் வெள்ளை. பண்ணைக்காரம்மா எங்களை நேரே இடத்துக்கு அழைத்துப் போனார். உள்ளங்கையில் தேங்காய் வைத்து நீரோட்டம் பார்ப்பவர் ஒருவர் வந்து குறித்துக் கொடுத்த இடம். செங்கல் ஒன்றை நட்டு, மஞ்சள் பூசி, மேலே எலுமிச்சம்பழம் வைத்திருந்தார். அதற்கு நேர் மேலே அண்ணாந்து பார்த்தேன். உயர் அழுத்த மின்சாரம் போகும் டவர் லைனின் ஓரக்கம்பி போய்க்கொண்டிருந்தது.

அந்தக் கம்பிகள் வெயில் நாளில் சத்தம் போடுவதில்லை. அன்றைக்கு ஈரத்தில் இர்ர்ர் என்று இரைந்தன. அடுப்பில் எண்ணெய்ச் சட்டி ஏறியிருக்கும் சமையலறையில் நிற்பதுபோல இருந்தது. அந்த இரைச்சல் சொன்னதைக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

"அக்கட்ட ஒரு அம்பதடி தள்ளிப் போட்டுக்கலாமுங்களா?" என்று அண்ணன் கேட்டார்.

"ரெண்டு போரு ஆளாளுக்குச் சொன்ன எடத்துல போட்டு ஒரு சொட்டு வரலீங்க" என்றார் பண்ணைக்காரம்மா. "தேங்கா எந்திரிச்சு நின்ன எடம் இதுதானுங்க. இதுல ஆகலீன்னா நானு பண்ணைய மூடிட்டுப் போறதுதான். தயவு பண்ணுங்க சாமி."

அண்ணன் என்னைப் பார்த்தார். "ஒசரம் பாரு அம்மிணி. ஒசரம் இருந்தாப் போடலாம், இல்லீன்னா வண்டியத் திருப்பிக்கலாம்."

ஆக, அன்றைக்கு எல்லாம் என் வாயில் வந்து நின்றது.

எப்போதும் நான் செய்கிற முறை ஒன்று உண்டு. கம்பிக்கு நேர் கீழே நின்று செங்குத்தாக மேலே பார்த்து அளப்பேன். கம்பிக்கு அப்பால் வெறும் ஆகாயம். ஒளி கம்பியில் பட்டுத் திரும்பினால் எண் வரும், படாவிட்டால் எதுவும் வராது. தப்பு நடக்க வழியில்லாத முறை. அன்றும் அப்படித்தான் செங்கல் பக்கத்தில் நின்று கருவியை நிமிர்த்தினேன். கண்ணாடியில் பொட்டுப் பொட்டாகத் துளி விழுந்தது. மூன்று மீட்டர் என்றது. துடைத்துவிட்டு அமுக்கினேன், இரண்டு மீட்டர். மறுபடி துடைத்தேன், ஐந்து. கீழே விழுந்துகொண்டிருக்கும் துளிகளைக் கருவி அளந்துகொண்டிருந்தது. துளியில் பட்டும் ஒளி திரும்பும், அதற்கு எது கம்பி, எது தண்ணீர் என்று தெரியாது.

அண்ணன் போன் அடித்தது. நங்கைதான். அண்ணன் பேசிவிட்டுச் சொன்னார்: "பத்தரைக்கு ராகு காலம். அதுக்குள்ள மாஸ்ட்டு நிக்கோணும்கறா."

மணி ஒன்பதே முக்கால். கையில் குடை, கழுத்தில் துண்டு, கருவியில் துளி. நான் மோட்டார் ரூமை நோக்கி நடந்தேன். செங்கலிலிருந்து நூற்று முப்பது அடி இருக்கும். கூரை கொஞ்சம் வெளியே நீண்டிருந்ததால் அதன் கீழே நனையாமல் நின்று, சாய்வாக மேலே பார்த்துக் கம்பியைக் குறி வைக்கலாம். செங்கலுக்கு நேர் மேலே இருக்கும் இடத்தில் குறியை வைத்து உயரப் பொத்தானை அமுக்கினேன்.

ஆறு அடி என்றது. அடுத்து ஒன்பது அடி. அடுத்து முப்பத்தொன்பது அடி. அடுத்து மறுபடி ஏழு.

அந்த முப்பத்தொன்பதை இன்றைக்கும் என் கண்ணிலிருந்து எடுக்க முடியவில்லை. மூன்று பொய்க்கு நடுவில் ஓர் உண்மை வந்து நின்றது. மழை உளறுகிறது என்று நான் அதையும் சேர்த்துத் தள்ளிவிட்டேன்.

போன் இன்னும் இரண்டு முறை அடித்தது. வண்டிக்காரர்கள் இருவர், வடக்கிலிருந்து வந்து அண்ணனோடு நாலைந்து வருஷமாக இருப்பவர்கள், ஜாக்கிக்கு அடியில் வைக்கும் கட்டைகளோடு நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பண்ணைக்காரம்மா எலுமிச்சம்பழத்துக்கு முன்னால் கற்பூரம் பொருத்தப் பார்த்தார், அது ஈரத்தில் பற்றவில்லை. எனக்கு அவமானமாகக்கூட இருந்தது. இத்தனை நாள் அலட்டிவிட்டு, முக்கியமான நாளில் தெரியவில்லை என்று சொல்வதா?

அப்போதுதான் கருவியில் மழைக்கென்று ஓர் ஏற்பாடு இருப்பது ஞாபகம் வந்தது. பக்கத்துப் பொத்தானை அமுக்கிப் பிடித்தால் திரையில் சின்னதாகத் துளிப்படம் வரும். அப்புறம் மழை, பனிமூட்டம் எதுவும் குறுக்கிடாது என்று கூடவந்த புத்தகம் சொல்லியிருந்தது. நான் அதுவரை அதைப் பயன்படுத்தியதே இல்லை. துளிப்படத்தை வரவழைத்துக் கம்பியைக் குறி வைத்து அமுக்கினேன்.

ஐம்பத்திரண்டு அடி.

மறுபடி அமுக்கினேன். ஐம்பத்திரண்டு. மூன்றாம் முறையும் ஐம்பத்திரண்டு. அதுவரை உளறிக்கொண்டிருந்தது திடீரென்று புத்தி தெளிந்ததுபோல ஒரே எண்ணைச் சொன்னது. எனக்குச் சந்தோஷத்தில் சிரிப்பே வந்துவிட்டது. முப்பத்தாறும் பதினைந்தும் ஐம்பத்தொன்று. ஓரடி மிச்சம்.

"அம்பத்திரண்டுங்ணா! ஓரடி எச்சாவே இருக்குது!" என்று கத்தினேன்.

"நல்லாப் பாத்துட்டயா அம்மிணி?"

"மூணு வாட்டி பாத்துட்டனுங்ணா. தூக்குங்க."

"நீ சொன்னாச் செரி" என்றார். தலையில் மழைக்கு ஒரு பிளாஸ்டிக் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு வண்டிக்கு ஏறினார். மணி பத்தே கால்.

வண்டியைப் பின்னுக்கு எடுத்துச் செங்கலுக்கு நேராக நிறுத்தினார்கள். ஜாக்கிகள் இறங்கின. வண்டி ஒருமுறை முனகி எழுந்தது. அண்ணன் பின்னால் இரும்புப் பலகையில் ஏறி லிவரைப் பிடித்தார். இன்ஜின் சத்தம் உயர்ந்தது. மாஸ்ட்டின் உச்சி டிரைவர் கேபினுக்கு மேலே அசைந்து, மெல்ல எழும்பத் தொடங்கியது.

நான் கூரைக்குக் கீழேயே நின்றேன். செய்ய வேண்டியதைச் செய்துவிட்ட திருப்தி. கருவியைத் துண்டால் துடைத்தேன். துடைத்ததைச் சும்மா ஒருதரம் சரிபார்க்கலாம் என்று, துளிப்படம் அப்படியே இருக்க, வண்டியின் பின்பக்கத்தைப் பார்த்துத் தூரப் பொத்தானை அமுக்கினேன்.

நாற்பது மீட்டர். சரிதான், நூற்று முப்பது அடி. வேறு வேலையில்லாத கை, அண்ணாந்து கம்பியையும் குறிவைத்துத் தூரத்தைக் கேட்டது.

ஐம்பத்தேழு மீட்டர்.

முதலில் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. எண் எண்ணாகவே நின்றது. பிறகுதான் உறைத்தது. வண்டி நாற்பதில் நிற்கிறது. கம்பி வண்டிக்கு நேர் மேலே இருக்கிறது. சாய்வாகப் பார்ப்பதால் ஒரு மீட்டரோ இரண்டு மீட்டரோ கூடலாம். பதினேழு மீட்டர் எப்படிக் கூடும்? கம்பியை விட்டுக் கண்ணை எடுத்து அதற்குப் பின்னால் பார்த்தேன். தூறலுக்குள் மங்கலாக ஒரு பெரிய தென்னை நின்றது. அதன் கொண்டைக்கு முன்னால்தான் கம்பி ஓடியது. கம்பியைவிட்டுக் கொஞ்சம் விலகி, வெறும் மட்டையைக் குறி வைத்து அமுக்கினேன்.

ஐம்பத்தேழு.

நான் அளந்தது தென்னை மரத்தை. துளிப்படத்தை வைத்தால் கருவி முன்னால் வருகிற ஒளியையெல்லாம் மழைத்துளி என்று தள்ளிவிடும். கடைசியாக, தூரத்திலிருந்து, பெரிதாக வருவதைத்தான் எடுத்துக்கொள்ளும். அதுவும் அதே புத்தகத்தில் இருந்தது. நான் படித்தும் இருந்தேன். கட்டைவிரல் பருமன் இருக்கும் நனைந்த கறுத்த கம்பியிலிருந்து எவ்வளவு ஒளி திரும்பிவிடும்? கருவிக்கு அந்தக் கம்பியும் ஒரு மழைத்துளி. அதையும் தள்ளிவிட்டுப் பின்னால் இருந்த தென்னையின் தூரத்தைப் பிடித்துக்கொண்டு, அதற்கேற்ப உயரத்தையும் கூட்டிச் சொல்லியிருக்கிறது. அப்படியானால் நிஜ உயரம் எது? முப்பத்தொன்பது. நான் தள்ளிவிட்ட முப்பத்தொன்பது.

மாஸ்ட் பாதிக்கு மேல் எழுந்துவிட்டிருந்தது.

கத்தினேன். என் தொண்டையிலிருந்து என்ன வந்தது என்றே எனக்குத் தெரியாது. இன்ஜின் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை. அண்ணன் சாக்குக்குள்ளிருந்து மாஸ்ட்டின் அடியையே பார்த்துக்கொண்டிருந்தார். வண்டிக்காரர்கள் ஆளுக்கொரு ஜாக்கியைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் கம்பியைப் பார்க்கவில்லை. ஏன் பார்க்க வேண்டும்? நான் பார்த்துவிட்டதாகச் சொல்லியிருந்தேனே.

குடையைப் போட்டுவிட்டு ஓடினேன். அது வெங்காயம் தோண்டி எடுத்த வயல்காடு. சேறு முழங்கால்வரை வாங்கியது. ஒரு செருப்பு உள்ளேயே போய்விட்டது. விழுந்தேன், எழுந்தேன், கருவி கையிலேயே இருந்தது. ஓட ஓட மாஸ்ட் என் கண்ணுக்கு முன்னால் எழும்பிக்கொண்டே இருந்தது. அதன் உச்சிக்கும் கம்பிக்கும் நடுவில் இருந்த வெள்ளை ஆகாயம் குறைந்துகொண்டே வந்தது. ஒரு பயம் உண்டு, அதில் உடம்பு நடுங்கும். இது அது இல்லை. உடம்பு முழுவதும் மரத்துப்போய், நங்கையின் முகம் மட்டும் கண்ணுக்குள் நின்றது. நங்கையிடம் போய் என்ன சொல்வேன் என்பதுதான் என் மனதில் ஓடியது. அண்ணன் சாவார் என்றுகூட நினைக்கவில்லை, சொல்ல வேண்டியதைத்தான் நினைத்தேன். அதற்காக இன்றும் என்னை எனக்குப் பிடிக்கவில்லை.

வண்டிக்குப் பதினைந்து அடி இருக்கும்போது கால் தானாக நின்றது. மாஸ்ட் அசையும்போது வண்டியைத் தொடக் கூடாது. கரண்ட் தாவினால் வண்டி மொத்தமும் கம்பிதான். தொட்டால் நானும் போவேன், அவரையும் காப்பாற்றியிருக்க மாட்டேன். அண்ணன் முதுகு தெரிந்தது. மேலே இர்ர்ர் சத்தம். கையில் இருந்தது அந்தக் கருவி மட்டும்தான்.

வீசினேன். பள்ளிக்கூடத்தில்கூட நான் ஒரு பந்தை ஒழுங்காக எறிந்ததில்லை. அது போய் அண்ணனின் வலது தோள்பட்டையில் நச்சென்று விழுந்தது. அவர் "ஆ" என்று கையை உதறித் திரும்பினார். லிவர் நடுவுக்கு வந்தது. மாஸ்ட் நின்றது.

நான் இரண்டு கையையும் தலைக்கு மேலே குறுக்காக வைத்துக் காட்டினேன். அவர் மேலே பார்த்தார். பார்த்ததும் அவர் முகத்தில் இருந்த ரத்தம் இறங்கியதை நான் பதினைந்து அடி தூரத்தில் நின்று பார்த்தேன். அவர் கால் பலகையின் ஓரத்துக்கு வந்தது, இறங்கப் பார்த்தார்.

"எறங்காதீங்ணா!" என்று கத்தினேன். "மண்ணுல கால் வெக்காதீங்க! மேலயே நில்லுங்க!"

ஒரு கால் இரும்பிலும் ஒரு கால் தரையிலும் இருக்கும்போது கரண்ட் வந்தால் அவர் வழியாகத்தான் இறங்கும். அது அவருக்கும் தெரியும். பயத்தில் தெரிந்தது மறந்துபோயிருக்கிறது. மறுபடி பலகையின் நடுவுக்குப் போனார். வண்டிக்காரர்கள் அதற்குள் இரண்டு கொட்டகை தூரம் ஓடிவிட்டிருந்தார்கள். அண்ணன் என்னைப் பார்த்துக்கொண்டே லிவரை எதிர்ப்பக்கம் மெல்லத் தள்ளினார். மாஸ்ட் வந்த வழியே திரும்பத் தொடங்கியது. எழும்ப இரண்டு நிமிஷம்கூட ஆகியிருக்காது. இறங்குவதற்கு ஒரு பகல் ஆனதுபோல இருந்தது. ஒவ்வோர் அடிக்கும் கம்பி இரைவதையே கேட்டுக்கொண்டிருந்தேன். சத்தம் மாறினால் முடிந்தது என்று எனக்குள் ஒரு கணக்கு. மாஸ்ட் கேபினுக்கு மேலே படுத்ததும் அண்ணன் இன்ஜினை நிறுத்தினார், இறங்கினார், வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு வாந்தியெடுத்தார்.

நான் சேற்றில் உட்கார்ந்துவிட்டேன்.

அண்ணன் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்தார். சேற்றிலிருந்து கருவியை எடுத்தார். கண்ணாடி விரிசல் விட்டிருந்தது. அதைத் துண்டில் துடைத்து என்னிடம் நீட்டினார்.

"மூணு வாட்டி பாத்தேன்னயே அம்மிணி" என்றார். கோபமே இல்லை குரலில். கன்னத்தில் இரண்டு அறைந்திருந்தால் தேவலாம் போலிருந்தது.

"மூணு வாட்டியும் தென்னமரத்தப் பாத்திருக்கறனுங்ணா" என்றேன். அப்புறம் அழுதேன்.

அன்றைக்கு வேலை நடக்கவில்லை. மறுநாள் வெயில் அடித்தது. தெரிந்த சர்வேயர் ஒருவரிடம் வேறு கருவி இரவல் வாங்கிக்கொண்டு தனியாக அங்கே போய், கம்பிக்கு நேர் கீழே நின்று, செங்குத்தாக மேலே பார்த்து அளந்தேன். முப்பத்தொன்பது அடி. மாஸ்ட் நிமிர்ந்திருந்தால் நடுவில் மூன்று அடி. காற்றுக்குக் கம்பி ஆடினால் அதுவும் இல்லை. அந்தச் செங்கல் பக்கத்தில் நின்று மூன்று அடி என்றால் எவ்வளவு என்று இரண்டு கையையும் விரித்துப் பார்த்தேன். ஒரு குழந்தையைத் தூக்கிப் பிடிக்கும் அளவுதான் இருந்தது. எண்ணைக் காட்டியதும் பண்ணைக்காரம்மா மறுபேச்சுப் பேசாமல் எலுமிச்சம்பழத்தை எடுத்துக்கொண்டு வெகுதூரம் தள்ளிப் போய் இன்னோர் இடத்தில் வைத்தார்.

ஆனால் அதற்கு முந்தைய சாயங்காலத்தைத்தான் சொல்ல வேண்டும். அண்ணனைக் கொண்டுபோய் விடும்போது நானும் அவர் வீட்டுக்குப் போனேன். தோள்பட்டை கருநீலமாக வீங்கியிருந்தது. துளைபோடும் ராடு சறுக்கி விழுந்துவிட்டது என்று நங்கையிடம் சொல்லியிருந்தார். நங்கை எண்ணெயைக் காய்ச்சிக்கொண்டுவந்து சூடு பொறுக்கத் தடவினார்.

"இந்த வேல வேண்டாமுன்னா கேக்கறதில்ல" என்றார், என்னிடம். "நீ கூடப் போறதால தானுங்க கண்ணு நானு ஊட்டுல நிம்மதியா இருக்கறேன். கம்பி கிம்பின்னாலும் நீ பாத்துச் சொல்லிருவீன்னு."

அண்ணன் என்னைப் பார்த்து, வேண்டாம் என்பதுபோலக் கண்ணைக் காட்டினார். நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். அவருக்கும் அதுதான் வசதி, எனக்கும் அதுதான் வசதி. ஆனால் அந்த நிம்மதி என்ற சொல் என்னால் தாங்கக்கூடியதாக இல்லை.

"ராடு விழுகலீங்க நங்கையா. நாந்தான் எறிஞ்சேன்" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். முப்பத்தொன்பதையும் சொன்னேன். நங்கையின் கை அண்ணனின் தோளில் அப்படியே நின்றுவிட்டது. எண்ணெய் வழிந்து பனியனில் இறங்கியது.

"அப்ப மணி எத்தனைங்க?" என்று கேட்டார்.

"பத்தே காலுக்கு மேல."

"பத்தரைக்குள்ள நிக்கோணும்னு மூணு வாட்டி போன் பண்ணுனது நானுங்க" என்றார். எண்ணெய் தடவுவதை முடித்துவிட்டு உள்ளே போய்விட்டார். என்னைத் திட்டவும் இல்லை, சாப்பிடச் சொல்லவும் இல்லை. எங்கள் வீட்டில் சாப்பிடச் சொல்லாமல் யாரும் யாரையும் அனுப்பியதில்லை. நான் பயந்துகொண்டே சங்ககிரி திரும்பினேன்.

இரண்டு வாரம் கழித்து இன்னொரு வேலை. மோகனூர் ரோட்டுப் பக்கம், வாழைத்தோட்டம். கம்பி தள்ளித்தான் இருந்தது, ஆனாலும் அண்ணன் என்னைக் கூப்பிட்டார். வேறு யாராவதாக இருந்தால் என்னை இனி வண்டிப் பக்கம் சேர்த்திருக்கமாட்டார்கள். போகும் வழியிலேயே தூறல் பிடித்துக்கொண்டது. என் கை வேர்த்தது. கேபினில் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். இடத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது நங்கை போன் பண்ணினார். அண்ணனுக்கு இல்லை, எனக்கு.

"அங்க மழை பேயுதுங்களா கண்ணு?"

"தூறுதுங்க நங்கையா."

நங்கை காலண்டர் தாளைப் புரட்டும் சத்தம் கேட்கவில்லை.

"அப்ப இப்ப நேரஞ் செரியில்லீங்க" என்றார். "மழ நின்னு வெளுத்ததுக்கப்பறந்தான் நல்ல நேரம். உங்கொண்ணன்கிட்டச் சொல்லிப்போடு, நாஞ் சொன்னேன்னு."

போனை வைத்தேன். கேபினில் டிரைவர் இருக்கைக்கு மேலே ஒரு தினக்காலண்டர் தொங்குகிறது. நங்கை வாங்கி மாட்டியதுதான். நான் நிமிர்ந்து பார்த்தேன். நல்ல நேரம் அந்த நிமிஷம் தொடங்கி ஒரு மணி நேரம் என்று போட்டிருந்தது. அதற்குப் பிறகு சாயங்காலம் வரைக்கும் நல்ல நேரம் என்று எதுவும் இல்லை.

அண்ணனும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்க நங்கை என்ன சொன்னா?" என்று கேட்டார்.

"மழ நின்னதுக்கப்பறந்தான் நல்ல நேரமாமுங்ணா."

அவர் காலண்டரை இன்னொருமுறை பார்த்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நங்கை சொன்ன முதல் பொய் அதுவாகத்தான் இருக்கும்.

"அவ சொன்னாச் செரி" என்று சொல்லிவிட்டு அண்ணன் இன்ஜினை நிறுத்தினார்.